அடி விழாத சண்டைகள்: பிரிட்டனின் சிறு முதலீட்டுக் குங்ஃபூ படங்கள் ஏன் ஏமாற்றின?

2004இல் ஸ்காட்லாந்தில் ஒரு குங்ஃபூ படம் உருவானது. பெயர் 'தி ப்யூரிஃபையர்ஸ்'. இயக்குநர் ரிச்சர்ட் ஜாப்சன் அதற்கு முந்தைய படத்தில்தான் விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தார். வில்லன் வேடத்தில் 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்' கெவின் மெக்கிட். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களிலும் மெர்ரியாக வந்து உலகமெங்கும் முகம் தெரிந்துவிட்ட டொமினிக் மொனஹன் இன்னொரு முக்கிய வேடத்தில். நாயகன் கார்டன் அலெக்சாண்டர் தற்காப்புக் கலையில் தேர்ந்தவர். கதையோ, கால் நூற்றாண்டுக்கு முன்பே திரையில் ஓடி ஜெயித்துக் காட்டிய கதை. இவ்வளவும் கைவசம் இருந்தும் படம் சப்பென்று முடிந்தது. குங்ஃபூ ரசிகர்கள் கைவிட்டார்கள். மற்றவர்கள் கவனிக்கவே இல்லை.

இது தனியொரு படத்தின் விதி அல்ல. 2007இல் ச்சீ கியோங் ச்சுங் இயக்கிய 'அண்டர்கிரவுண்ட்', 2008இல் ராஸ் போயாஸ்க் இயக்கிய 'டென் டெட் மென்' என்று அந்தப் பத்தாண்டில் பிரிட்டனில் வரிசையாகச் சிறு முதலீட்டுச் சண்டைப் படங்கள் வந்தன. எடுத்தவர்களுக்கு ஆர்வத்தில் குறைவில்லை. ஆனாலும் இந்த வகையில் பிரிட்டனுக்கென்று ஒரு பேர்சொல்லும் படம் அப்போது கிடைக்கவில்லை. கேட்டால் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: காசு இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைச் சந்தேகிக்கிறது. காசு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் இருந்த காசில் சண்டைக்கு எத்தனை நாள் ஒதுக்கினார்கள், அந்த நாட்களில் கேமராவை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவைதான் இந்தப் படங்களின் தலைவிதியைத் தீர்மானித்தன.

கதை இருந்தது, ஊர் இல்லை

ஜாப்சன் சினிமாவுக்கு வந்த வழி சுற்றுவழி. 1970களின் பிற்பகுதியில் டன்ஃபெர்ம்லினிலிருந்து கிளம்பிய 'தி ஸ்கிட்ஸ்' என்ற பங்க் இசைக்குழுவின் பாடகர் அவர். பிறகு தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆனார். 2003இல் வந்த '16 இயர்ஸ் ஆஃப் ஆல்கஹால்' எடின்பரோவின் குடியையும் தெரு வன்முறையையும் தன் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொன்ன படம். அதிலும் நாயகன் கெவின் மெக்கிட்தான். ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் பாதிப்பு அந்தப் படத்தில் வெளிப்படையாகவே தெரியும். ஜாப்சன் அதை மறைத்ததும் இல்லை. ஹாங்காங் சினிமாவை நேசித்த ஒருவர் அடுத்து குங்ஃபூ பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

கதைக்கு அவர் போனது நியூயார்க்கிற்கு. 1979இல் வால்டர் ஹில் இயக்கிய 'தி வாரியர்ஸ்' படத்துக்கு மூலம் சோல் யூரிக் 1965இல் எழுதிய நாவல். அந்த நாவலுக்கு மூலம், பாரசீக மண்ணில் சிக்கிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படை ஊர் திரும்பிய கதையைச் சொல்லும் செனொஃபோனின் 'அனபாசிஸ்'. ஹில்லின் படத்தில் நகரத்தின் எல்லாத் தெருக்கும்பல்களையும் ஒரு தலைவன் கூட்டுகிறான். கூட்டத்தில் அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பழி வாரியர்ஸ் கும்பல்மேல் விழுகிறது. விடிவதற்குள் அவர்கள் தங்கள் பேட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். 'தி ப்யூரிஃபையர்ஸ்' இதை வருங்கால நகரம் ஒன்றுக்கு மாற்றுகிறது. அங்கே கும்பல்கள் தற்காப்புக் கலைக் குழுக்களாக இருக்கின்றன. மோசஸ் என்பவன் எல்லாரையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து நகரத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். ப்யூரிஃபையர்ஸ் குழு மறுக்கிறது. மற்ற குழுக்கள் அவர்கள்மேல் ஏவப்படுகின்றன.

கதைச் சட்டகம் ஒன்றுதான். ஆனால் இடம்பெயர்த்ததில் ஒரு பெரிய தூண் விழுந்துவிட்டது. ஹில்லின் படத்தில் நிஜமான வரைபடம் இருக்கிறது. வடக்கே பிராங்க்ஸ், தெற்கே கடலோரத்தில் கோனி ஐலண்ட், இடையில் சுரங்க ரயில். எந்த ஸ்டேஷனில் இறக்கிவிடப்பட்டார்கள், வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். படத்தில் சண்டைகள் எண்ணிக்கையில் குறைவு, நீளத்திலும் குறைவு. தூரமும் இரவும்தான் அச்சத்தைத் தருகின்றன. 'தி ப்யூரிஃபையர்ஸ்' நகரத்துக்கு அடையாளம் இல்லை. கண்ணாடிச் சுவர், எஃகுத் தூண், வண்ண விளக்கு என்று அழகாக இருக்கிறது. ஆனால் வீடு எந்தத் திசையில் என்று தெரியாதபோது, வீடு திரும்புவதில் பதற்றம் எங்கிருந்து வரும்? ஊர் இல்லாத கதையில் முழுப் பாரமும் சண்டைகள்மேல் இறங்குகிறது. அந்தச் சண்டைகளால் அதைத் தாங்க முடியவில்லை.

ஸ்லோ மோஷனும் இசையும் சேர்ந்து அடியின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வோங் கார் வாய் 1994இல் எடுத்த 'ஆஷஸ் ஆஃப் டைம்' படத்திலும் சண்டைகள் மங்கலாக, கறையாகக் கரையும். ஆனால் அந்தக் கறைக்கு அடியில் சண்டையை அமைத்தவர் ஹாங்காங்கின் தேர்ந்த சண்டை அமைப்பாளர் சாம்மோ ஹுங். முழுமையாக ஒரு சண்டையைக் கட்டிவிட்டு அதை மங்கலாக்குவது வேறு. கட்டப்படாத சண்டையை மங்கல் வைத்து மறைப்பது வேறு. பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் இந்த வித்தியாசத்தை உணர்ந்துவிடுகிறார்.

பிரிட்டனுக்குக் குங்ஃபூ அந்நியமா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆசியக் கலை, ஆசியச் சினிமா. அதை ஸ்காட்லாந்தில் எடுத்தால் ஒட்டுமா என்று. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜப்பானில் இருந்துவிட்டு 1898இல் லண்டன் திரும்பிய பொறியாளர் எட்வர்ட் பார்ட்டன் ரைட், ஜூஜுட்சுவையும் குத்துச்சண்டையையும் கைத்தடிச் சண்டையையும் கலந்து 'பார்ட்டிட்சு' என்று ஒரு முறையை உருவாக்கினார். ஷெர்லக் ஹோம்ஸ் நீர்வீழ்ச்சியில் உயிர் தப்பியதற்குக் கோனன் டாயில் காட்டிய காரணமே இந்தக் கலைதான், ஓர் எழுத்துப் பிழையோடு. பார்ட்டன் ரைட் வரவழைத்த யூக்கியோ தானி பின்னர் இசை அரங்குகளில் மேடையேறி, வந்தவர்களையெல்லாம் சவாலுக்கு அழைத்தார். வாக்குரிமைப் போராட்டப் பெண்களுக்கு ஈடித் காருட் ஜூஜுட்சு கற்றுக்கொடுத்தார். 1918இல் லண்டனில் குன்ஜி கொய்சுமி நிறுவிய புடோக்வாய் ஜூடோ சங்கம் இன்றும் இருக்கிறது. 1960களின் தொலைக்காட்சித் தொடரான 'தி அவெஞ்சர்ஸ்' வழியாக ஹானர் பிளாக்மன் ஜூடோவை வீட்டு வரவேற்பறைக்கே கொண்டுவந்தார்.

1974இல் இந்த மோகம் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டு லண்டனில் பதிவானது. பாடியவர் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ். தயாரித்தவர் பெங்களூரிலிருந்து போன பிட்டு. இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காகப் பதிவுசெய்த பாட்டு அது.

சினிமாவிலும் அதே ஆண்டு ஒரு பெரிய முயற்சி நடந்தது. நலிந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் திகில் பட நிறுவனமான ஹாமர், ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸோடு கைகோத்தது. முதலில் 'தி லெஜண்ட் ஆஃப் த 7 கோல்டன் வேம்பயர்ஸ்'. இயக்கம் ராய் வார்ட் பேக்கர். பேராசிரியர் வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங். கூடவே ஹாங்காங் நடிகர் டேவிட் சியாங். சண்டை அமைப்பு டாங் சியாவும் லாவ் கார் லியுங்கும். ஹாங்காங்கின் சாங் செ பெயர் போடாமல் இயக்கத்தில் கைகொடுத்தார். டிராகுலாவையும் குங்ஃபூவையும் கலந்த அந்தக் கூத்து இன்றும் ரசிக்கும்படி இருக்கிறது. காரணம், சண்டைக் காட்சிகளை ஷா பிரதர்ஸ் ஆட்கள் தங்கள் பாணியிலேயே எடுத்தார்கள்.

இரண்டாவது படமான 'ஷாட்டர்' அந்த நல்வாய்ப்பைப் பெறவில்லை. இயக்க வந்த அமெரிக்கர் மான்டி ஹெல்மன் பாதியில் நீக்கப்பட்டார். ஹாமரின் தலைவர் மைக்கேல் கரேராஸே மீதியை எடுத்து முடித்தார். அப்போது ஹாங்காங்கின் முன்னணி நட்சத்திரமாக இருந்த டி லுங் படத்தில் இருந்தார், ஆனால் உதவியாளர் வேடத்தில். நாயகன் ஸ்டூவர்ட் விட்மன் என்ற அமெரிக்க நடிகர். அவருக்கும் குங்ஃபூவுக்கும் சம்பந்தம் இல்லை. சண்டை தெரிந்தவர் கதையின் ஓரத்தில் நிற்க, தெரியாதவர் நடுவில் நடந்துகொண்டிருந்தார். ஒரே நிறுவனம், ஒரே ஸ்டூடியோ, ஒரே ஆண்டு. ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. இதைக் காசு வைத்து விளக்க முடியாது.

தணிக்கையின் கத்தரி

அடுத்த கால் நூற்றாண்டு பிரிட்டனில் குங்ஃபூ படங்களுக்குச் சோதனைக் காலம். 1975 முதல் 1999 வரை திரைப்படத் தணிக்கை வாரியத்தை வழிநடத்திய ஜேம்ஸ் ஃபெர்மனுக்கு நுஞ்சாக்கு என்றால் ஆகாது. சங்கிலியால் இணைத்த அந்த இரட்டைக் கட்டையைப் பார்த்து இளைஞர்கள் தெருவில் பயன்படுத்திவிடுவார்கள் என்பது அச்சம். 1979இல் புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' மறுபடி வாரியத்துக்குப் போனபோது நுஞ்சாக்குக் காட்சிகள் வெட்டப்பட்டன. அவை முழுமையாகத் திரும்ப வந்தது 2001இல். 1991இல் வந்த நின்ஜா ஆமைகளின் இரண்டாம் பாகத்தில் ஓர் ஆமை கோத்த சாசேஜ்களை நுஞ்சாக்கு போலச் சுழற்றும். அதையும் வெட்டினார்கள். குழந்தைகள் படத்தில் வந்த இறைச்சித் துண்டுகூட ஆயுதமாகத் தெரிந்த காலம் அது.

வெட்டு என்பது வெறும் சில நொடி இழப்பு இல்லை. சண்டைக் காட்சி தாளத்தால் ஆனது. நடுவில் நாலு ஷாட் போனால், எந்த அடி எதற்குப் பதில் என்பதே குழம்பிவிடும். அதோடு, அகலத் திரைக்காக எடுத்த படங்களின் இரு ஓரங்களையும் நறுக்கி, மட்டமான ஆங்கிலக் குரல் சேர்த்து வீடியோ கேசட்டில் விட்டார்கள். இடப்பக்கம் உதைப்பவன் தெரிவான், வலப்பக்கம் உதை வாங்குபவன் தெரியமாட்டான். பின்னாளில் பிரிட்டனில் சண்டைப் படம் எடுக்கக் கிளம்பிய தலைமுறையில் பலர் பாலபாடம் கற்றது இத்தகைய சிதைந்த பிரதிகளில்தான்.

1990களின் இறுதியில் நிலைமை தலைகீழானது. ஹாங்காங் லெஜண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் டிவிடி நிறுவனம் பழைய படங்களைச் சுத்தமான பிரதியாக, முழு அகலத்தில், மூல மொழியில் வெளியிட்டது. ஹாங்காங்கில் பணியாற்றிய ஆங்கிலேயர் பே லோகன், யார் எந்த அடியை எந்தப் பள்ளியில் கற்றார் என்பதுவரை விளக்கும் ஒலி உரைகளைப் பல படங்களுக்குத் தந்தார். விளைவாக, 2004 வாக்கில் பிரிட்டனின் குங்ஃபூ ரசிகன் நல்ல சண்டைக்கும் மோசமான சண்டைக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்தவனாகியிருந்தான். 'தி ப்யூரிஃபையர்ஸ்' வந்து நின்றது அவன் முன்னால்தான். பத்தாண்டு முன்பு வந்திருந்தால் கொஞ்சம் கருணை கிடைத்திருக்கும்.

சண்டையை யார் இயக்குகிறார்?

ஒரு சிறு சண்டையை எடுத்துக்கொள்வோம். ஒருவன் முகத்தில் குத்த வருகிறான். மற்றவன் தடுத்து, திரும்பி, விலாவில் உதைக்கிறான். முதலாமவன் மேஜைமேல் விழுகிறான்.

மேற்கத்திய வழக்கப்படி இதை முதலில் தூரத்திலிருந்து முழுவதுமாக எடுப்பார்கள். அப்புறம் முதலாமவனின் தோளுக்குப் பின்னாலிருந்து முழுவதும். அப்புறம் இரண்டாமவனின் பக்கமிருந்து முழுவதும். கடைசியில் நெருக்கக் காட்சிகள். எதை எங்கே சேர்ப்பது என்பதை எடிட்டர் பிறகு பார்த்துக்கொள்வார். வசனக் காட்சிக்கு இது நல்ல முறை. சண்டைக்கு இதில் இரண்டு கேடு. நடிகர்கள் ஒரே சண்டையைப் பலமுறை தொடக்கத்திலிருந்து போட்டுக் களைத்துவிடுகிறார்கள். கேமராவும் எந்த ஓர் அடிக்கும் சரியான இடத்தில் இல்லை. எல்லா அடிக்கும் சுமாரான இடத்தில் இருக்கிறது. அடி படவில்லை என்பது தெரிந்துவிடும் என்பதால் எடிட்டர் வேகமாக வெட்டுகிறார். பார்ப்பவருக்குக் கைகால் கலவரம் தெரியும், சண்டை தெரியாது.

ஹாங்காங் முறையில் முதல் ஷாட் குத்தும் தடுப்பும் மட்டும். முஷ்டி கேமராவை நோக்கி வரும். இரண்டாவது ஷாட் உதை மட்டும். கால் முழுவதும் நீள்வது தெரியும்படி பக்கவாட்டில். மூன்றாவது விழுவது மட்டும். தரையை ஒட்டிய கேமராவில் மேஜை உடைகிறது. ஒவ்வொன்றும் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கப்படும். தேவையில்லாத கோணமே எடுக்கப்படுவதில்லை. படப்பிடிப்புத் தளத்திலேயே எடிட்டிங் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இதைச் செய்ய ஒரு நிபந்தனை உண்டு. சண்டையை அமைத்தவரே கேமரா எங்கே நிற்க வேண்டும், ஷாட் எப்போது முடிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் சண்டை நாளன்று இயக்குநர் ஒதுங்கிக்கொள்வார், ஸ்டண்ட் மாஸ்டர் தளத்தை எடுத்துக்கொள்வார். அமெரிக்கத் திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல், ஹாங்காங் சண்டையின் அழகு அசைவிலும் அதற்கு முன்னும் பின்னும் வரும் நிலைப்பிலும் இருப்பதாக விளக்கினார். அந்த நிலைப்பை எடுப்பவர் தீர்மானிக்காவிட்டால் எடிட்டரால் கொண்டுவர இயலாது.

இதற்குக் கைமேல் சான்று 1985இல் வந்த 'தி புரொடெக்டர்'. அமெரிக்க இயக்குநர் ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ், நாயகன் ஜாக்கி சான். சண்டைகளைத் தன் போக்கில் எடுக்க விடவில்லை என்று ஜாக்கி சான் மனம் வெதும்பினார். ஹாங்காங் வெளியீட்டுக்காகப் படத்தை மறுபடி வெட்டி, புதுக் காட்சிகள் சேர்த்து, எதிரியாக வரும் பில் வாலஸோடு மோதும் இறுதிச் சண்டையைத் தானே திரும்ப எடுத்தார். இரண்டு பதிப்பும் கிடைக்கின்றன. அதே நடிகர், அதே எதிரி. அமெரிக்கப் பதிப்பில் இரண்டு ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஹாங்காங் பதிப்பில் ஒரு சண்டை ஆரம்பித்து, வளர்ந்து, முடிகிறது.

பிரிட்டனுக்குத் திறமையான ஸ்டண்ட் கலைஞர்கள் குறைவில்லை. ஆனால் அங்குள்ள ஸ்டண்ட் பதிவேட்டில் இடம்பெற ஒருவர் குறைந்தது ஆறு துறைகளில் தகுதி காட்ட வேண்டும். நீச்சல், குதிரையேற்றம், உயரத்திலிருந்து விழுதல், வண்டியோட்டம் போல. அது பெரிய ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு ஏற்ற பயிற்சி. பல்லாண்டு ஒரே குழுவாக அடித்து, வாங்கிப் பழகிய ஹாங்காங் குழுக்களைப் போன்ற ஏற்பாடு அங்கே இல்லை. மேடை நாடகத்தில் வளர்ந்த வாள்சண்டை அமைப்பாளர்கள் இருந்தார்கள். வில்லியம் ஹாப்ஸ் 1977இல் 'தி டூயலிஸ்ட்ஸ்' படத்துக்கு அமைத்த வாள்சண்டைகள் இன்றும் மெச்சப்படுபவை. வெறுங்கைச் சண்டைக்கு அதற்கு நிகரான மரபு உருவாகவில்லை.

1999இல் 'தி மேட்ரிக்ஸ்' வந்ததும் உலகமே குங்ஃபூ பக்கம் திரும்பியது. அந்தப் படத்துக்காக ஹாங்காங்கின் யூன் வோ பிங், நடிகர்களைப் படப்பிடிப்புக்கு முன்பே சுமார் 4 மாதம் பயிற்றுவித்தார். பின்வந்த சிறு படங்கள் கறுப்புக் கோட்டையும் ஸ்லோ மோஷனையும் எடுத்துக்கொண்டன. அந்த 4 மாதத்தை விட்டுவிட்டன. பணம் போட்டவர்களுக்கும் அவசரம் இருந்தது. 1997இன் நிதிச் சட்டத்தில் வந்த 48ஆம் பிரிவு, ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு உட்பட்ட பிரிட்டிஷ் படத்தின் செலவை முதலாண்டிலேயே முழுதாக வரிக்கணக்கில் கழிக்க இடம் கொடுத்தது. 2007இல் வேறு முறை வரும்வரை இது நீடித்தது. வரிச் சலுகையைப் பார்த்து வரும் முதலீட்டுக்குப் படம் முடிந்தால் போதும். இரண்டாவது வாரச் சண்டை இன்னும் இரண்டு நாள் கேட்கிறது என்பது அதன் கவலை அல்ல.

ஜகார்த்தாவில் ஒரு வேல்ஸ்காரர்

இனி எதிர்ச்சான்று. காரெத் எவன்ஸ் தெற்கு வேல்ஸின் ஹிர்வாவுன் கிராமத்தைச் சேர்ந்தவர். 2006இல் வேல்ஸிலேயே 'ஃபுட்ஸ்டெப்ஸ்' என்ற சிறு படத்தை எடுத்தார், பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. சிலாட் என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தோனேசியா போனபோது இக்கோ உவைஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். உவைஸ் அப்போது தொலைபேசி நிறுவனம் ஒன்றில் ஓட்டுநராக வேலை பார்த்துவந்தார். இருவரும் சேர்ந்து 2009இல் 'மெரந்தாவ்', 2011இல் 'தி ரெய்ட்' எடுத்தார்கள். 'தி ரெய்ட்' செலவு சுமார் 11 லட்சம் டாலர். பிரிட்டனில் சிறு முதலீடு என்று சொல்லப்படும் எல்லைக்குள் அடங்கும் தொகைதான்.

அவர்கள் முதலில் எடுக்க நினைத்தது வேறு, பெரிய கதை. அதற்குப் பணம் திரளவில்லை. அதனால் கதையைச் சுருக்கினார்கள்: ஒரு குடியிருப்புக் கட்டடம், உள்ளே ஒரு தாதா, மேலேறிப் போக வேண்டிய போலீஸ் படை. ஊர் முழுக்க அலையும் செலவு மிச்சம். மிச்சமான நேரமெல்லாம் சண்டைக்குப் போனது. உவைஸும் யாயான் ருஹியானும் சண்டைகளை அமைத்தார்கள். எவன்ஸ் அவர்களோடு உட்கார்ந்து, படப்பிடிப்புக்கு முன்பே ஒவ்வொரு சண்டையையும் சாதாரண வீடியோவில் ஷாட் ஷாட்டாக எடுத்துத் தொகுத்துப் பார்த்தார். எடிட்டிங்கும் அவரே. அமைப்பது, எடுப்பது, தொகுப்பது என்ற மூன்று வேலைகளைச் செய்தவர்களின் தலைக்குள்ளும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது.

பலன் திரையில் தெரியும். ருஹியான் நடித்த மேட் டாக் குள்ளமான ஆள். போலீஸ் அதிகாரியாக வரும் ஜோ தஸ்லிம், நிஜ வாழ்வில் இந்தோனேசிய தேசிய ஜூடோ அணியில் இருந்தவர். துப்பாக்கி முனையில் அவரைப் பிடித்த மேட் டாக், துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் அடிக்க வருகிறான். பிறகு இன்னொரு காட்சியில், சங்கிலியில் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருந்தவனைத் தானே கீழே இறக்கிவிடுகிறான், அவனும் அவனைக் காப்பாற்ற வந்தவனும் சேர்ந்து தன்னோடு மோதட்டும் என்று. கதவையும் சாத்துகிறான். ஒரு வரி விளக்கம் இல்லாமல் அந்த மனிதனின் ஆணவமும் ஆசையும் முழுதாகப் புரிந்துவிடுகின்றன. சண்டையே பாத்திரத்தை எழுதுகிறது. 'தி ப்யூரிஃபையர்ஸ்' படத்தில் வசனம் எழுதிய பாத்திரங்களைச் சண்டை அழித்துவிடுகிறது. யார் மோதினாலும் ஒரே மாதிரி.

ஜகார்த்தாவில் கூலி மலிவு, அதே டாலருக்கு அதிக நாட்கள் கிடைக்கும் என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்த மறுப்பு இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. பணம் எதை வாங்கியது என்று பார்த்தால், நாட்களைத்தான். நாட்கள் எங்கே போயின என்று பார்த்தால், சண்டைக்குத்தான்.

பிரிட்டனுக்குள்ளேயே ஒரு விடை

அப்படியானால் கூலி கூடுதலான பிரிட்டனில் இது முடியாதா? சட்டன் கோல்ட்ஃபீல்டைச் சேர்ந்த ஸ்காட் அட்கின்ஸின் பாதை இதற்குப் பதில். 1976இல் பிறந்த அவர் உள்ளூர்த் தொலைக்காட்சித் தொடர்களில் சிறு வேடங்கள் செய்தார்; ஹாங்காங் படங்களில் அடிவாங்கும் ஆளாகப் பாடம் கற்றார். 2006இல் பல்கேரியாவில் எடுத்த 'அன்டிஸ்ப்யூட்டட் 2' படத்தில் போய்காவாக வந்து ரசிகர்களிடம் நிலைத்தார். சொந்த நாட்டில் தகுந்த படம் அமைய இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆனது. ஜெஸ்ஸி ஜான்சன் இயக்கத்தில் 2018இல் 'ஆக்சிடென்ட் மேன்', 2019இல் 'அவெஞ்ச்மென்ட்'.

'அவெஞ்ச்மென்ட்' படத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். சிறையிலிருந்து தப்பிய கெய்ன் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்து, அங்கிருந்த ரவுடிகளைத் துப்பாக்கி முனையில் உட்காரவைத்து, தனக்கு நடந்ததைச் சொல்கிறான். நிகழ்காலத்துக்கு ஒரு மதுக்கடை, கடந்தகாலத்துக்குப் பெரும்பகுதி ஒரு சிறை. 'தி ரெய்ட்' கண்டுபிடித்த அதே சிக்கனம். சிறையில் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு அவன் முகத்தில் தழும்பு கூடுகிறது, பற்கள் போகின்றன; கடைசியில் கடைக்குள் நடக்கும் நீண்ட மோதலுக்கு வரும்போது அந்த முகத்தின் வரலாறு நமக்கு அத்துப்படி. ஊரும் பேச்சும் லண்டனுடையவை. ஹாங்காங்கைப் போலி செய்யும் பாவனை இல்லை.

ஊர் திரும்பிவிட்ட எவன்ஸும் 2020இல் 'கேங்ஸ் ஆஃப் லண்டன்' தொடரை உருவாக்கினார். சண்டைகளை அமைத்தவர் ஜூட் பாயர். ஹாங்காங்கில் ஸ்டண்ட் கலைஞராகப் பல ஆண்டு உழைத்துத் திரும்பிய பிரிட்டிஷ்காரர். முதல் பகுதியிலேயே மதுக்கடைச் சண்டையில் சுவரோர விளையாட்டுக்கான டார்ட் அம்பு ஆயுதமாகிறது. அந்தத் தொடருக்குப் பெரிய முதலீடு இருந்தது, ஆகவே இங்கே நேரடி ஒப்பீடு கூடாது. ஆனால் ஒன்று நிரூபணமானது: பிரிட்டனின் மண்ணில், பிரிட்டிஷ் நடிகர்களை வைத்து, உலகத் தரத்தில் சண்டை எடுக்க முடியும், எடுக்கத் தெரிந்தவர் கையில் தளத்தைக் கொடுத்தால்.

'தி ப்யூரிஃபையர்ஸ்' எடுத்தவர்களைக் கேலி செய்வதில் பயன் இல்லை. அவர்கள் ஹாங்காங் சினிமாவை உண்மையாகவே நேசித்தார்கள். நிறத்தையும் ஒளியையும் இசையையும் அக்கறையாகக் கொண்டுவந்தார்கள். கொண்டுவராமல் விட்டது வேலைமுறையை. சிறு முதலீட்டில் சண்டைப் படம் எடுக்கப் போகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். இடங்களைக் குறைக்கலாம், பாத்திரங்களைக் குறைக்கலாம், உடையிலும் விளக்கிலும் மிச்சம் பிடிக்கலாம். சண்டைக்கான நாட்களைக் குறைக்கக் கூடாது. அந்த நாட்களில் கேமராவின் அருகே ஸ்டண்ட் மாஸ்டரின் சொல்லே இறுதிச் சொல்லாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுக்கொடுப்பவர் குங்ஃபூ படம் எடுக்காமல் வேறு படம் எடுப்பதே நல்லது.